அமுலுக்கு வரும் தேதி

அறிவிப்புப் பலகையில் ஒட்டியது நான்தான்.
பசை காய்வதற்குள் கூட்டம்.
திருத்திய குறைந்தபட்ச ஊதியம்
ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் அமுலுக்கு வருகிறது.

மூன்றாம் தையல் வரிசையிலிருந்து அமுலு வந்தாள்.
விரலில் ஒட்டிய ரப்பர் பசையை உரித்தபடி
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
"எனக்கு வருதுன்னு போட்டுக்கீது, ஏகாம்பரம் சார்.
இவளுங்க இன்னாத்துக்கு சிரிக்கிறாளுங்க?"
அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆம்பூரிலிருந்து பேர்ணாம்பட்டு போகிற சாலையில்
எங்கள் ஷூ கம்பெனி.
சம்பளக் கணக்கு என் வேலை.
ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேர்
என் திரையில் வரிசை எண்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்.
பிடித்தம் என்கிற பத்தியை நிரப்பும்போது
யாருடைய முகமும் தெரியாது.
அது ஒரு வசதி.

வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிற நாளில்
எல்லோருக்கும் புது முகமூடி, புதுக் கையுறை.
சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வோம்.
அதற்கும் ஒரு பதிவேடு உண்டு,
என் கையெழுத்தில்.

ஒருமுறை பெட்டியின் மேல் ஒட்டிய விலையைக் காட்டி
இது நம்ம காசுக்கு எவ்ளோ என்று கேட்டாள்.
தட்டிப் பார்த்தேன்.
அவள் மாதச் சம்பளத்துக்கு
இடது கால் முழுசாகக் கிடைக்கும்,
வலது கால் குதிகால் இல்லாமல் கிடைக்கும்.
கால்குலேட்டர் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

மே மாதம் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.
இடைக்காலத் தடை.
இடைக்காலம் என்றால் எவ்வளவு காலம் என்று
அந்தத் தாளில் இல்லை.
நான்கு தீபாவளி போயிற்று.
போனஸ் எட்டு புள்ளி மூன்று மூன்று.
அதற்குக் கீழே சட்டம் விடாது,
அதற்கு மேலே இவர்கள் விடமாட்டார்கள்.

மகளுக்கு நர்சிங் சீட்.
அமுலு பி.எஃப். பணத்துக்கு எழுதிப் போட்டாள்.
நிராகரிக்கப்பட்டது: பெயர் பொருந்தவில்லை.
ஆதாரில் அமுலு.
அங்கே அம்லு.
நடுவில் ஒரு உகரம் காணோம்.
குற்றியலுகரம் என்றாலும் அரை மாத்திரை மிஞ்சும்.
இதில் அதுவும் இல்லை.
பதினோரு வருடத்துக்கு முன்
அந்த உகரத்தைத் தின்ற விரல்
இதோ, இந்த வலக்கை ஆள்காட்டி.

சொல்லவில்லை அவளிடம்.
லீவு போட்டு வேலூர் பஸ் ஏறினேன்.
பள்ளிகொண்டா தாண்டும்போது
பாலாறு செத்துப்போச்சி பாருங்க என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
சாகவில்லை ஐயா.
மணலுக்கு அடியில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.
எவன் போர் ஆழமோ அவன் வீட்டுத் தொட்டிக்கு.
இதை அவரிடமும் சொல்லவில்லை.
இருபது வருடமாகச் சொல்லாமல் இருந்து பழகிய வாய்.

மூன்று ஜன்னல், இரண்டு படிவம், ஒரு முத்திரை.
உகரம் திரும்பி வந்தது.
அந்த மாதம் என் சம்பளச் சீட்டில்
ஒரு நாள் ஊதியம் பிடித்தம்.
விடுப்பு ஏற்கனவே தீர்ந்திருந்தது.
நானே அடித்தேன்.
பிழையில்லாமல்.

அமுலு வந்து நின்றாள்.
"காசு ஏறிடுச்சி சார். என் காசுதானே,
எதுக்கு நன்றி சொல்றேன்னு தெரியல,
ஆனாலும் சொல்லிடறேன்."
போகும்போது திரும்பினாள்.
"அந்த ஏப்ரல் ஒண்ணு இன்னும் வரலியே?"

நேற்று மேனேஜர் கூப்பிட்டார்.
பலகையைப் போய்ப் பார் என்றார்.
தாள் பழுத்துப்போயிருந்தது.
தோலில் குறி போடுகிற வெள்ளிப் பேனாவால்
அமுலுக்கு வருகிறது என்பதன் கீழே
யாரோ எழுதியிருந்தார்கள்.
தலையைச் சாய்த்தால்தான் தெரியும்.

தில்ஷாத்துக்கும்.
கன்னியம்மாவுக்கும்.
எஸ்தருக்கும்.
வேன் ஓட்டும் முனிரத்தினத்துக்கும்.
ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து.
கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் வளைந்து,
ஏகாம்பரம் சாருக்கும்.

கிழித்துவிட்டாயா என்று மேனேஜர் கேட்டார்.
வரவில்லை சார் என்றேன்.
நான் ஒட்டியதுதான்.
பிடித்தம் கொஞ்சம் அதிகம்.